முன்னாள் அதிபரின் பேச்சுப் பக்கம்

பிப்ரவரி 3, திங்கள்

அந்துவான் வெலாருக்கு இன்றைக்குத்தான் சொந்த ஊர் கிடைத்தது. இதுவரை அவரைப் பற்றிய இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையில் "கெர்மோராத் தீவில் பிறந்தவர்" என்று மட்டுமே இருந்தது. கல்லடி ஏதோ பழைய பிரெஞ்சுப் புத்தகத்தைத் துழாவி, மேற்குக் கரையில் ஒரு சிற்றூரின் பெயரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். கூடவே பேச்சுப் பக்கத்தில் பழைய சண்டையையும் தொடங்கிவிட்டார்: "அதிபர் என்றால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். பதினெட்டு வருடம் ஒரு நாட்டை ஆண்டவரைத் தலைமையாசிரியர் ஆக்காதீர்கள், தென்கோடி. ஜனாதிபதி என்று போடுங்கள்."

தென்கோடி நான்தான். ஜொவிற்றா என்ற சொந்தப் பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று தோன்றியதால் வைத்துக்கொண்டது. கல்லடி என்பவர் மட்டக்களப்பில் மருந்துக்கடை வைத்திருக்கும் தவேந்திரன். நேரில் பார்த்ததில்லை. இரண்டு மூன்று தடவை தொலைபேசியில் பேசியிருக்கிறோம், அதுவும் காற்புள்ளிகளைப் பற்றி.

மூன்று வருடத்துக்கு முன், லியோன் கெர்மோராவுக்குக் கிரேன் ஓட்டக் கிளம்பிய வாரத்தில்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். என் புருஷன் போயிருக்கும் நாட்டைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழில் நாலு வரிகூட இல்லை. அங்கே மழை எப்போது, என்ன சாப்பிடுவார்கள், யார் ஆள்கிறார்கள் என்று தேடப் போய், முன்னாள் அதிபரில் வந்து நின்றுவிட்டேன். அடுத்த மாதம் அதை முதற்பக்கத்தில் சிறப்புக் கட்டுரையாகப் போடலாம் என்கிறார்கள். அதற்குள் செம்மைப்படுத்த வேண்டும்.

தண்ணீர் லாரி வரவில்லை. லியோன் பேசினார். கேன்டீனில் எல்லாரிடமும் போனைக் காட்டி, "எம் பொண்டாட்டி எழுதுனது" என்று சொன்னாராம். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து பக்கத்துத் தெரு மெற்றில்டா அக்கா நேராக இங்கே வந்தார்கள். துறைமுகப் பத்தியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன்.

"தமது ஆட்சியின் ஏழாம் ஆண்டில், பிரிசோல் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடத்த வெலார் ஆணையிட்டார். பத்தொன்பது பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் தூத்துக்குடிக் கரையிலிருந்து சென்ற தமிழர்கள்."

அக்காவின் கணவர் சூசைராயன் அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர்.

"நெரிசல்ல மிதிபட்டுச் செத்தாவொன்னு சொல்லித்தான் பெட்டிய அனுப்புனாவொ. தொறக்கக் கூடாதுன்னுட்டாவொ. எத்தன வருஷம், நானும் எல்லார்ட்டயும் நெரிசல்னே சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றார்கள். பிறகு போன் திரையை விரலால் தொட்டார்கள். அது நகர்ந்து வெலாரின் படத்துக்குப் போய்விட்டது. "இந்தாளு எதுக்கு வாறான்? அத திருப்பி வையி."

யார் வேண்டுமானாலும் இதில் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், கட்டுரைக்குப் பின்னால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு, அங்கே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வோம் என்று விளக்கினேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "யாரு வேணும்னாலும் அழிக்கலாமாக்கும்?"

ஆதாரம் இருந்தால் அழிக்க முடியாது என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பேச்சுப் பக்கத்தில் புதிதாக ஒருவர். நடுநிலையன் என்று பெயர். இன்றுதான் கணக்குத் தொடங்கியிருக்கிறார்.

"வணக்கம். துறைமுகப் பத்தியில் 'துப்பாக்கிச்சூடு நடத்த ஆணையிட்டார்' என்பது ஒருதலைப்பட்சமாக உள்ளது. அவர்கள் நெரிசலில் உயிரிழந்ததாக அரசு விசாரணை கூறியுள்ளது. ஆகயால் அதை மாற்றும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

'ஆகையால்' என்பதில் ஐகாரம் விட்டுப்போயிருக்கிறது. பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

கல்லடி உடனே பாய்ந்துவிட்டார். விசாரணையை அமைத்தது வெலார், அறிக்கை எழுதியது வெலாரின் மைத்துனர், எங்களிடம் துறைமுகத் தொழிற்சங்கத்தின் அறிக்கையும் அன்றைய வார இதழ்ச் செய்தியும் இருக்கின்றன, மாற்ற முடியாது என்று எழுதினார்.

லியோன் நாலு நாளாக அழைக்கவில்லை. வேறு ஏதோ எண்ணிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. "நலம். இங்கு நெட் இல்லை. கவலைப்படாதே." யாருடைய எண் என்று கேட்டேன். பதில் இல்லை. நான் கவலைப்படவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

அலுவலகத்தில் இரண்டு ஏற்றுமதி பில்களில் துறைமுகத்தின் பெயரை மாற்றி அடித்துவிட்டேன். கொழும்பு போக வேண்டிய வற்றல் பிரிசோல் போக இருந்தது. உடம்பு சரியில்லையா என்று மேலாளர் கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

ஜூன் மாதத் தேர்தலில் வெலார் மறுபடி நிற்கிறாராம். கல்லடி செய்தியைச் சேர்த்தார். கெர்மோராவில் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், துறைமுக வட்டாரங்களில் அவர்கள் ஓட்டுத்தான் முடிவு செய்யும், அவர்கள் நம் பக்கத்தைத்தான் வாசிப்பார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தார்.

அதற்குக் கீழே நடுநிலையன். இப்போதெல்லாம் தினமும் வருகிறார். கோபமே இல்லை. இன்று கடைசி வரியாக இப்படி எழுதியிருந்தார்:

"தென்கோடி அவர்களே , உங்கள் கணவர் நலமா?"

சோறு பொங்கி அடுப்பு அணைந்துபோயிருந்தது. வாடை வந்த பிறகுதான் கவனித்தேன்.

கல்லடி அவரைக் கண்டித்து, இது குடும்பப் பேச்சுக்கான இடமில்லை என்று எழுதினார். கலைக்களஞ்சியத்தில் எனக்குக் கணவர் இருப்பது யாருக்கும் தெரியாது. நான் ஆணா பெண்ணா என்றே யாருக்கும் தெரியாது.

தெருப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டேன். கடல்காற்றில் உப்பு வந்து படிகிறது, அதனால்தான்.

பிப்ரவரி 22, சனி

லியோனை அனுப்பிய ஏஜென்டைப் போய்ப் பார்த்தேன். "வேலைல இருக்காரு. சம்பளம் ஏறுதுல்லா? பெறவு என்ன?" என்றார். பேசிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தபோது மட்டும், "நீங்க இந்த இன்டர்நெட்ல எதுவும் எழுதுவீங்களா?" என்றார்.

இல்லை என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தூதரக எண்ணில் இசை ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

எழுதாமல் இருந்துவிட்டால் இல்லை என்று ஆகிவிடாது. எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குப் பேசி முடித்த பிறகு, கல்யாணம் வரைக்கும் லியோன் கப்பலிலிருந்து எனக்கு எழுதுவார். "இங்கு குளிர் அதிகம் , ஆகயால் இரண்டு சட்டை போடுகிறேன்." "உன் போட்டோ நனைந்துவிட்டது , ஆகயால் வேறு அனுப்பு." நான் எவ்வளவோ கேலி செய்தும் அந்த எழுத்து அவருக்கு வரவே இல்லை. நடுநிலையன் எழுதியது அத்தனையையும் மறுபடி வாசித்தேன். ஒவ்வொன்றிலும் ஆகயால். ஒவ்வொரு காற்புள்ளிக்கும் முன்னால் ஓர் இடைவெளி. அதுவும் லியோனின் பழக்கம்.

பேச்சுப் பக்கத்தில் இப்படி எழுதினேன்:

"நடுநிலையன் அவர்களுக்கு, வெலாரின் திருமணம் எந்த மாதம் நடந்தது என்பதில் எங்களுக்கு ஐயம் உள்ளது. தங்களுக்குத் தெரியுமா?"

பிப்ரவரி 26, புதன்

பதில் வந்தது.

"ஆகஸ்ட் மாதம். அன்று யாரும் எதிர்பாராத மழை. கோயில் வாசலில் மணமகளின் குடை பறந்துபோனது."

கல்லடி கொதித்துவிட்டார். "வெலார் ஜனவரியில் மணந்தார் என்று மூன்று நூல்களில் உள்ளது. குடைக்கு ஆதாரம் என்ன?"

குடை பறந்தது என் கல்யாணத்தில். அதைத் துரத்திக்கொண்டு ஓடியது மெற்றில்டா அக்கா.

பிப்ரவரி 28, வெள்ளி

அப்படியானால் லியோன் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் தட்டிக்கொண்டிருக்கிறார். அவர்களுக்குத் தமிழ் எழுத ஓர் ஆள் வேண்டும். என் கணவர் நலமா என்று கேட்டதும் அவர் கைதான். சொல்லச் சொல்லியா அடித்தார், தாமாகவே எனக்குத் தெரியட்டும் என்று அடித்தாரா? அவர் பின்னால் யார் நிற்கிறார்கள்? உட்கார நாற்காலி கொடுத்திருக்கிறார்களா?

யாரிடமும் சொல்லவில்லை. மீன்காரி கூடக் கேட்டுவிட்டாள், லியோன் அண்ணன் போன் போட்டாரா என்று. போட்டார், நல்லா இருக்கார் என்றேன். அரைக் கிலோ சாளை வாங்கிவிட்டு, அதை ஆயாமல் அப்படியே பூனைக்குப் போட்டுவிட்டேன்.

மார்ச் 1, சனி

"இந்தப் பத்தி இந்த வாரத்துக்குள் மாற்றப்படாவிட்டால் எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்படும்."

'எனக்கு' என்று எழுதியிருக்கிறார். எங்களுக்கு இல்லை. வருத்தம் வரப்போவது லியோனுக்கு.

மார்ச் 2, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காலையிலேயே மாற்றிவிட்டேன். "வேலைநிறுத்தத்தின்போது ஏற்பட்ட நெரிசலில் பத்தொன்பது பேர் உயிரிழந்தனர்." சேமி என்ற பொத்தானை அழுத்துவதற்குக் கண்ணை மூடிக்கொண்டேன், ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை மாதிரி.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் கல்லடி பழையபடி ஆக்கியிருந்தார். மறுபடி மாற்றினேன். மறுபடி அவர். "தென்கோடி, உங்கள் கணக்கை யாராவது திருடிவிட்டார்களா?" என்று கேட்டிருந்தார்.

அழைத்தேன்.

"தவேந்திரன் அண்ணா, அதத் தொடாதீங்க."

"என்ன தங்கச்சி சொல்றீங்க? இவ்வளவு நாளும் நீங்கதானே அந்தப் பத்திக்காக நிண்டீங்க?"

"அது யாரு எழுதுறாங்கன்னு எனக்குத் தெரியும்."

"ஆரு?"

"எங்க வீட்டுக்காரர்."

சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. கப்பல் கடிதம், ஆகயால், குடை, ஏஜென்ட் பார்த்த மின்விசிறி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கடையில் யாரோ மாத்திரை கேட்கும் சத்தம் வந்தது. கொஞ்சம் பொறு என்று அவர்களிடம் சொன்னார் கல்லடி.

பிறகு, "என்ட அண்ணனையும் ஒரு நாள் இப்பிடித்தான் கூட்டிக்கொண்டு போனவங்க. எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும் எண்டு" என்றார்.

"திரும்பி வந்தாரா?"

"நீங்க இப்ப அதக் கேக்க வேணாம், தங்கச்சி. நான் செய்ய வேண்டியதச் செய்யிறன்."

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து பேச்சுப் பக்கத்தைத் திறந்தேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காத கல்லடி எழுதியிருந்தார்:

"நடுநிலையன் அவர்களின் வாதத்தை மீண்டும் படித்தேன். தொழிற்சங்க அறிக்கையை நான் மொழிபெயர்த்ததில் பிழை இருந்திருக்கலாம். மாற்றத்தை ஏற்கிறேன். என் முந்தைய கடுஞ்சொற்களுக்கு வருந்துகிறேன்."

பிழை ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த மொழிபெயர்ப்பை நாங்கள் இருவரும் வரி வரியாக ஒப்பிட்டிருக்கிறோம்.

மற்ற பயனர்கள் சிலர் அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டியிருந்தார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

நினைத்ததுதான் நடந்தது. துபாயிலிருந்து அக்காவின் மகன் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறான். மெற்றில்டா அக்கா வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வரவில்லை.

"நெரிசல்னு போட்டிருக்காமே?"

கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். லியோனை எழுத வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒம் மாப்ள உசுரோட இருக்கான்லா. அவன்தான் முக்கியம். எடுத்ததுல தப்பில்ல" என்றார்கள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்திருக்கலாம்லா ஜொவி? நான் வேண்டாம்னா சொல்லிருப்பேன்?"

காப்பி போட்டுக்கொண்டு வந்தபோது அவர்கள் இல்லை.

மார்ச் 12, புதன்

நடுநிலையன் வரவில்லை. மாற்றம் செய்த அன்று "நன்றி" என்று ஒரு சொல் எழுதியதோடு சரி.

மார்ச் 15, சனி

கட்டுரை முதற்பக்கத்தில் வந்துவிட்டது. வெலார் சிரிக்கிறார். வாழ்த்துகள் குவிந்திருக்கின்றன. "நடுநிலையான, முன்மாதிரியான கட்டுரை" என்று ஒருவர்.

பேச்சுப் பக்கம் அமைதியாக இருக்கிறது. முன்பு அவர் எழுதியபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது எழுதாதபோது அதைவிட மோசமாக இருக்கிறது. ஏதாவது கேட்டு எழுதலாமா என்று இரண்டு தடவை தட்டி அழித்தேன். முடிந்த பேச்சைக் கிளறினால் அவர்கள் என்ன நினைப்பார்களோ. கிளறாவிட்டால் அவர் இருக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்.

மார்ச் 18, செவ்வாய்

ஒன்றுமில்லை.

மார்ச் 19, புதன்

ஒன்றுமில்லை. சூசையப்பர் திருநாள். மெற்றில்டா அக்கா கோயிலில் எனக்கு முன்வரிசையில் இருந்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் போகும்போது, தங்கள் மெழுகுவர்த்தியிலிருந்து என்னுடையதையும் பற்றவைத்துவிட்டுப் போனார்கள்.

மார்ச் 24, திங்கள்

லியோன் பம்பாய் விமான நிலையத்திலிருந்து யாருடைய போனையோ வாங்கிப் பேசினார்.

"ஜொவி, வந்துட்டேன்."

அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

ரயிலில் வந்தார். ஒரு பையும் இல்லை. மெலிந்துவிட்டார். வலது கை மணிக்கட்டைச் சட்டைக் கையால் மூடி மூடி வைத்துக்கொள்கிறார். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். கதவு தட்டினால் எழுந்து சுவரோரமாக நிற்கிறார். சிலிண்டர் போட வந்தவனுக்குக்கூட அப்படித்தான்.

புளிக்குழம்பு வைத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

இன்று காலையில் தேங்காய் துருவிக்கொண்டே, தாமாகப் பேசினார்.

"துறைமுக ஆபீசுக்குப் பின்னால ஒரு ரூம்பு. வெலாரோட ஆளுவ ரெண்டு பேரு. நீங்க எழுதுறத மிஷின்ல போட்டு அவனுவ பாஷைல மாத்தி வாசிப்பானுவ. நான் எழுதுறதையும் அப்படித்தான் சரிபார்ப்பானுவ. அதனால எழுத்துப் பிழை அவனுவளுக்குத் தெரியாது."

"வேணும்னுதான் தப்பா எழுதுனீங்களா?"

"எனக்கு அப்படித்தான எழுதத் தெரியும்?" என்று சிரித்தார். வந்த பிறகு முதல் சிரிப்பு. "புருஷன் நலமான்னு கேக்கச் சொன்னது அவனுவதான். ஒன்ன மெரட்ட. எனக்கு அது வசதியாப் போச்சு."

நான் மாற்றியது சரியா என்று கேட்டேன். பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"சரிதான். அன்னைக்கு அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் பெல்ட்டக் கழட்டி மேசை மேல வச்சிருந்தான்." துருவுவதை நிறுத்திவிட்டார். "ஆனா நீ மாத்துனதுக்குப் பெறவுதான் எனக்கு ரொம்பப் பயமாப் போச்சு. அதுவரைக்கும் நான் அவனுவளுக்கு வேணும். கல்லடி அண்ணாச்சி முடியாதுன்னு எழுதுனா அடி. நீ ஏதாவது கேள்வி கேட்டேன்னா டீ. கல்யாணம் எந்த மாசம்னு கேட்டேல்லா, அன்னைக்கு ரொட்டிகூடக் குடுத்தானுவ, பேச்சு நல்லாப் போகுதுன்னு. நீ சரின்னு சொன்னதும் நாற்காலிய எடுத்துட்டானுவ. பாஸ்போர்ட் வார வரைக்கும் என்ன செய்யப் போறானுவன்னு தெரியாது."

கேன்டீனில் காட்டியதை யார் போய்ச் சொன்னது என்று கேட்டேன். கிளாரன்ஸ் என்றார். மணப்பாட்டுக்காரர், அவரோடு கிரேன் ஓட்டியவர். "நிச்சயமாத் தெரியாது. ஆனா அவனாத்தான் இருக்கும். நம்மாளுவ மத்த எல்லாரும் கெளம்பி வந்துட்டானுவ. அவன் மட்டும் ஒப்பந்தத்த நீட்டிட்டு அங்கயே இருக்கான்."

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. லியோன் என்னோடு கோயிலுக்கு வந்தார். வெளியே வந்ததும் நேராக மெற்றில்டா அக்காவிடம் போய், "அக்கா, அத எழுதுனது நான்" என்றார். அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்கள். பிறகு அந்தக் கையை எடுக்கவே இல்லை.

பகலில் கல்லடி அழைத்தார். லியோன் போனை வாங்கி அவரே பேசினார். கிளாரன்சைத் தவிர எங்கள் ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், பத்தியைத் திரும்பப் போடலாம் என்றார்.

"நான் போடுறன். என்ட பேரில இருக்கட்டும். தங்கச்சி தொட வேணாம்" என்றார் கல்லடி.

சாயங்காலம் பத்தி இருந்தது. கொல்லப்பட்டனர். அக்கா வந்து, நான் வாசிக்க நின்றபடியே கேட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது, தெருவில் ஒரு வெள்ளைக் கார் நின்றதைப் பார்த்துக் கீழே ஓடிவந்துவிட்டேன். எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தவர்களாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டருக்கு மீந்த பலகாரத்தை லியோனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுப் பக்கத்தைத் திறந்தேன்.

நடுநிலையன் எழுதியிருந்தார்.

"வணக்கம். துறைமுகப் பத்தி மீண்டும் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டேன். ஆகையால் இதுகுறித்து மீண்டும் உரையாட விரும்புகிறேன்."

எழுத்துப் பிழையே இல்லை. காற்புள்ளிக்கு முன்னால் இடைவெளி இல்லை. நடுநிலையனாக இருந்தவர் என் தோளோடு தோள் இடித்துக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறார்.

திரும்பிப் பார்த்தேன். முறுக்கு வாயில் அப்படியே நின்றிருந்தது.

"கிளாரன்சு" என்றார். "சர்ச் ஸ்கூல்ல படிச்சவன். நல்லா எழுதுவான்."

இந்தச் சமயத்தில் நான் என்ன நினைத்தேன் என்று உண்மையாக எழுத வேண்டும். அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு நொடிதான். ஆனால் நினைத்தேன்.

லியோன் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார்.

"அவன் போட்டுக் குடுத்திருந்தாலும் சரி, அந்த ரூம்புல யாரும் உக்காரக் கூடாது ஜொவி. கல்லடி அண்ணாச்சியக் கூப்புடு. முடியாதுன்னு எழுதிறப் போறாரு."

கல்லடி ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தார். நல்லவேளை, சேமிக்கவில்லை. போனில் மூவரும் பேசினோம். பத்தியை எடுத்தால் கிளாரன்சின் நாற்காலியும் போய்விடும். முடியாது என்றால் பெல்ட். லியோன் சொன்னார், சரியென்றும் வேண்டாம், இல்லையென்றும் வேண்டாம், கேட்டுக்கொண்டே இருங்கள் என்று.

"எவ்வளவு காலத்துக்கு?" என்றார் கல்லடி.

"ஜூன் தேர்தல் வரைக்கும். அதுக்குப் பெறவு இந்தப் பக்கத்த எவன் பாக்கப் போறான்?"

"பேச்ச இழுக்கிறதெண்டா தங்கச்சிக்கும் எனக்கும் சொல்லித்தரத் தேவையில்ல" என்றார் கல்லடி.

பத்திக்கு மேலே "இப்பகுதி உரையாடலில் உள்ளது" என்று ஒரு பட்டை போட்டோம். பத்தி அப்படியே இருக்கிறது. கீழே நான் எழுதினேன்: "வருக நடுநிலையன். தங்கள் கருத்தைப் பரிசீலிக்க ஆவலாக உள்ளோம். அரசு விசாரணை அறிக்கையின் முதல் பக்கத்தை எழுத்தில் தர இயலுமா?"

மறுநாளைக்கு இரண்டாம் பக்கம் கேட்கலாம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மணப்பாட்டில் கிளாரன்சின் மனைவியைப் போய்ப் பார்த்தோம். புருஷன் நலம் என்று குறுஞ்செய்தி வருகிறதாம், நெட் இல்லையாம். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் இருக்கத்தான் போனோம். ஆனால் அவள் லியோனின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள்.

சொல்லிவிட்டோம். பேச்சுப் பக்கத்தை எப்படித் திறப்பது என்று அவள் போனில் காட்டிக் கொடுத்தேன். "இதுல அவ்வொ எழுதுனா இருக்காவொன்னு அர்த்தமா?" என்று கேட்டாள். ஆம் என்றேன்.

மே 11, ஞாயிறு

விசாரணை அறிக்கை முடிந்தது. இப்போது வெலார் படித்த பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். அவர் காலத்தில் அதற்கு என்ன பெயர் என்பதில் எனக்கும் கல்லடிக்கும் பயங்கரமான சண்டை. என் புலமையைப் பற்றிக் கல்லடி எழுதியதை வாசித்துப் பொதுப் பயனர் ஒருவர் சமாதானம் செய்ய வந்துவிட்டார். நடுநிலையன் இருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதுகிறார். மெற்றில்டா அக்காவும் யோசனை சொல்கிறார்கள். "அவனுக்கு எத்தன பேரப்பிள்ளைன்னு கேளு. அதுக்கு ஒரு வாரம் ஓடும்."

நேற்று மதியம் வெலாரின் பள்ளித் தோழர்களைப் பற்றிக் கேட்டிருந்தேன். இன்று காலை பதில் இல்லை. பூசை முடிந்து வந்தும் இல்லை. மணப்பாட்டிலிருந்து அவள் அழைத்தாள். நான் எடுக்கவில்லை. என்ன சொல்வது? லியோன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். கல்லடி வெறும் கேள்விக்குறி ஒன்றை அனுப்பினார். கேள்வி கடுமையாகிவிட்டதா, மிஷின் வேறு மாதிரி மொழிபெயர்த்துவிட்டதா என்று என் வரியையே திரும்பத் திரும்ப வாசித்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு வந்தது. ஒரே வரி.

"பள்ளித் தோழர்கள் பற்றிய ஆதாரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்."

மணப்பாட்டுக்கு அழைத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். லியோன் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எழுது" என்றார். "அவசரமே இல்லன்னு எழுது. எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்கிடச் சொல்லு."